மேல் பிடியில் ஒரு பொட்டு

எங்கள் கல்லூரி அலுவலக வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கதவு உண்டு. தள்ளினால் உள்ளும் வெளியுமாக ஆடும். அலுவலகக் கண்காணிப்பாளர் என்ற முறையில் அதற்கு உட்புறமாக முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். காரியம் ஆகவேண்டியவர் கதவைப் பின்கையால் பிடித்து நிறுத்திவிட்டு வருவார். கோபத்தில் வருகிறவர் அடித்துத் தள்ளிக்கொண்டு வருவார். நான் சொல்லவந்த ஆசிரியை அம்மாள் இந்த இரண்டிலும் சேர்த்தியில்லை. மெல்லத் தள்ளி உள்ளே வந்து, திரும்பி நின்று, கதவையே பார்ப்பார். அது ஆடி அடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்புவார்.

"பதினாலு, சார். போன மாசம் பத்தொம்போது ஆடுச்சு. கீல்ல துரு ஏறுது."

இது வணக்கமா, புகாரா என்று எனக்கு விளங்கவில்லை. புகார் என்றால் எழுத்தில் தரவேண்டும். மரச்சாமான் பழுதுக்குத் தனிப் படிவம் இருக்கிறது. அதைச் சொன்னேன்.

"புகார் இல்ல சார். சும்மா சொன்னேன்."

சும்மா சொல்வதற்கு எங்களிடம் படிவம் இல்லை.

அவர் இயற்பியல் துறை. ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நான் எதிர்த்திசையில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து. என் ஊரைக் கேட்டதும் பால்கோவா வாங்கிவரச் சொல்லாத ஒரே ஆசிரியர் அவர்தான் என்பதால் ஆரம்பத்திலேயே ஒரு மரியாதை. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரைப் பற்றி எழுத வேண்டுமானால் அவரது ஒப்புதல் வேண்டும், நான் வாங்கவில்லை.

எதையும் அவர் கையால் நிறுத்தமாட்டார். வகுப்பு முடிந்து மின்விசிறியை அணைத்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்; அவர் மட்டும் இறக்கைகளைப் பார்த்தபடி கீழே நின்றிருப்பார். டீக்கடையில் தம்ளரைச் சுண்டிவிட்டு ஓசை அடங்கும்வரை குடிக்கமாட்டார். ஒருமுறை ஆடிப்பூரத் தேருக்கு எங்கள் ஊருக்கு வந்திருந்தார். நாங்கள் எல்லாரும் தேரைப் பார்க்க, அவர் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டையே போடாம விட்டா எம்புட்டுத் தூரம் போயி நிக்கும் சார்?" என்று என்னிடம் கேட்டார். யாராவது காதில் வாங்கிவிடப் போகிறார்களே என்று நான் நாலா பக்கமும் பார்த்தேன்.

"தானா நிக்கட்டும் சார். எப்படி நிக்குதுங்கறதுலதான உள்ள என்ன நடக்குதுன்னு இருக்கு."

இந்த வாக்கியத்தை அவர் வாயால் குறைந்தது நூறு முறை கேட்டிருப்பேன். கதவுக்கும் சொல்வார், விசிறிக்கும் சொல்வார். துறைத்தலைவர்கள் இருவர் கூட்டத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சண்டை போட்டபோது நான் விலக்கப் போனேன்; என் காதருகே மெதுவாக அதையேதான் சொன்னார். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எப்போதும் கையில் இருக்கும். அன்றும் அதில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அவர் பகுதி நேரமாக ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். தலைப்பு: மீக்கடத்து உலோகக் கலவைகளில் அக உராய்வும் கட்டமைப்பு நிலைமாற்றமும். இதை நான் என் கையால் ஒன்பது படிவங்களில் நிரப்பியிருக்கிறேன். ஆண்டறிக்கை, நீட்டிப்பு, இரண்டாம் நீட்டிப்பு, நகல் எழுத்து இல்லை என்ற சான்று. எதை நிரப்புகிறோம் என்று தெரிந்து நிரப்புவது என் வழக்கம். அதனால் ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கேட்டேன்.

ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் சாண் நீளத்தில் ஒரு கம்பி. இண்டியமும் தாலியமும் கலந்தது, நகம் பட்டாலே தடம் விழும். தாலியம் நஞ்சு என்பதால் அதற்காகவே ஒரு நஞ்சுப் பதிவேடு திறந்தவன் நான். கம்பியின் மேல்முனையை ஒரு பித்தளைப் பிடி கவ்வியிருந்தது. கீழே குறுக்காக ஒரு தண்டு. தண்டில் ஒரு சிறு கண்ணாடி. அதில் பட்ட விளக்கொளி எதிர்ச்சுவரில் ஒட்டிய அளவுகோலில் ஒரு புள்ளியாக விழுந்தது. தண்டை லேசாகத் திருகிவிட்டார். புள்ளி இடமும் வலமுமாக ஓடி, வீச்சு குறைந்து குறைந்து, நின்றது.

"யாரு நிறுத்துனா சார்?"

"காத்து."

"பெரும்பாலான காத்த எடுத்தாச்சு."

"அப்ப தானாவே நின்னிருக்கும்."

"அதத்தான் கேக்கேன். தானான்னா யாரு?" என்று சிரித்தார். "கம்பிக்குள்ளயே ஒண்ணோட ஒண்ணு ஒரசுது. அதான் அக உராய்வு. இதக் குளிர வச்சுக்கிட்டே போனா ஒரு எடத்துல உள்ள இருக்கிற அணுவெல்லாம் வரிசை மாறி உக்காரும். கல்யாணப் பந்தியில மொத வரிசை எந்திரிச்சு அடுத்த வரிசை உக்காரும்ல, அந்த மாதிரி. அந்த நேரத்துல ஒரசல் சாஸ்தி. ஆட்டம் சீக்கிரம் நின்னுரும். கோடு வரைஞ்சா அங்க ஒரு மேடு எந்திரிக்கும்."

"மீக்கடத்தின்னு தலைப்புல இருக்கே?"

"அது இன்னும் ரொம்பக் கீழ சார். கரெண்டு தடையே இல்லாம ஓடுற குளிரு. அந்தக் குளிரு நம்ம ஜில்லாவுல கிடைக்காது. வெளி மாநிலத்துல ஒரு நிலையத்துல ஒரு வாரம் குடுத்தாங்க, அளந்துட்டு வந்துட்டேன். இங்க பாக்கிறது அதுக்கு முந்தி நடக்கிறது. கரெண்டு தங்குதடை இல்லாம ஓடுறதுக்கு மொதல்ல கம்பி உள்ளுக்குள்ள ஒருதரம் எடம் மாறி உக்காருது. எப்ப, எப்படின்னு சொன்னா அம்புட்டுத்தான் என் தீசிஸு."

அந்த மேடுதான் அவரது ஆராய்ச்சி முழுவதும். மூன்று வருடங்களாக அளந்த அத்தனை கோடுகளிலும், தண்ணீர் உறையும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒட்டகத்தின் முதுகு மாதிரி அது எழுந்து நின்றது. எனக்குப் புரிந்தது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். கதவு வரைக்கும்தான் அந்த நினைப்பு தாங்கியது.

குளிர வைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அது ஒரு இடத்தில்தான் கிடைக்கும். மாடுகளுக்குச் சினை ஊசி போட விந்துக் குச்சிகளை அதில்தான் போட்டு வைப்பார்கள். ஆகவே ஒரு கால்நடை மருந்தகத்துக்குக் கல்லூரி முத்திரையோடு கடிதம் எழுதினேன். அங்கிருந்த படிவத்தில் 'இனம்' என்று ஒரு கட்டம். 'பொருந்தாது' என்று எழுதினேன். திரும்பி வந்தது. நேரில் போனேன்.

கம்பவுண்டர் கேட்டார்: "மாடு இல்லாம எதுக்கு சார் நைட்ரஜனு?"

"ஒரு கம்பியைக் குளிர வைக்க."

"கம்பின்னா?"

"இரண்டு உலோகம் கலந்தது."

அவர் பேனாவை எடுத்து 'கலப்பினம்' என்று எழுதி முத்திரை குத்தினார். முப்பத்தோரு வருடத்தில் நான் சந்தித்த ஒரே நிர்வாக மேதை அவர். அதன்பின் மாதம் இரண்டு முறை நைட்ரஜன் நிரப்பிய ஒரு நீல உருளை ஆட்டோவில் கல்லூரிக்கு வந்தது.

இதற்கு நடுவில் என் தம்பி திடீரென்று இறந்துபோனான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "அழாதீங்க, நீங்களே இப்படி இருந்தா எப்படி" என்று தோளைப் பிடித்தார்கள். அந்த அம்மாளும் வந்தார். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் அழுது முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து, "வாரேன் சார்" என்று போய்விட்டார். அன்று வந்தவர்களில் என்னை அழவிட்டவர் அவர் ஒருவர்தான் என்று இரவில் தோன்றியது. மறுநாள் அந்த நோட்டுப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து அவரைப் பார்த்தால் எனக்கு வருவது நன்றியா பயமா என்று பிரிக்க முடியவில்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் ஆய்வுக்கூடங்களில் இருப்புச் சரிபார்ப்பு செய்யவேண்டும். பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு சாமானையும் கண்ணால் பார்த்து டிக் அடிக்கவேண்டும். எந்தத் துறையும் ஒத்துழைக்காது. ஆயுத பூசை என்றால் மட்டும் அலமாரிகள் எல்லாம் தானாகத் திறக்கும். உதவியாளர்கள் ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். இரண்டையும் இணைத்தேன். 'பொட்டு வைக்கப்பட்ட பொருள் சரிபார்க்கப்பட்டதாகக் கொள்ளப்படும்' என்று சுற்றறிக்கை விட்டேன். முதல்வர் என்னைப் பாராட்டினார். தணிக்கைக்கு வந்தவர் பிரதி கேட்டு வாங்கிப் போனார்.

இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளர் முத்தையா, கூமாப்பட்டிக்காரர். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். உத்தரவு என்றால் உத்தரவு. ஒரு திருகாணியைக் கூட விடமாட்டார். அந்த அம்மாள் கிறிஸ்தவர். பூசை நாளில் ஓரமாக நிற்பார், பொரி கொடுத்தால் வாங்கிக்கொள்வார், எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. தன் கருவியின் தண்டில் வைத்த பொட்டை மட்டும் மறுநாள் பஞ்சால் துடைத்துவிடுவார். எடை கூடிவிடுமாம்.

அவர் அளக்கத் தொடங்கிய மூன்றாம் வருட மழைக்காலத்தில் வெளித் தேர்வாளரின் கடிதம் வந்தது. கல்லூரிக்கு வரும் கடிதங்களை எல்லாம் நான்தான் பிரிப்பேன். நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் பாராட்டு. கடைசி அரைப் பக்கத்தில் ஒரு சந்தேகம்: இந்த மேடு தண்ணீர் உறையும் இடத்துக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. இது கம்பியின் நிலைமாற்றமா, கருவியில் எங்கேனும் ஈரம் ஒட்டியிருந்து உறைவதா? ஈரம் இல்லை என்று காட்டுக. முப்பது நாள் அவகாசம். தவறினால் பதிவு காலாவதி. இரண்டு நீட்டிப்பும் முடிந்துவிட்டன. மூன்றாவது நீட்டிப்புக்கு விதியில் இடமில்லை. எனக்குத் தெரியும். அந்த விதியை அவருக்குப் படித்துக் காட்டியதே நான்தான்.

கடிதத்தை வாங்கிப் படித்தார். கதவை ஆடவிட்டுப் போய்விட்டார். அன்று எண்ணிக்கை சொல்லவில்லை.

சாயங்காலம் முத்தையா வந்தார். "மேடம் மொகமே சரியில்ல சார். அவிய சாப்பிடக்கூட இல்ல. என்ன லெட்டரு அது?"

சுருக்கமாகச் சொன்னேன். எங்கேயோ ஈரம் இருக்கிறதாம், அது உறைவதைத்தான் மேடம் அளந்திருக்கிறாராம் என்றேன். முத்தையா கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஈரம்னா... சந்தனமும் ஈரம்தான சார்?"

"எந்தச் சந்தனம்?"

"தண்டுல வச்சா மேடம் தொடச்சிருறாக. பொட்டு இல்லாத சாமானு கணக்குல வராதுன்னு உங்க ஆர்டரு. அதான் கண்ணுக்குத் தெரியாத எடமாப் பாத்து, மேல இருக்கிற பித்தளப் பிடிக்குள்ள... பன்னீரு ஊத்திக் கொழப்பி... நல்லாத்தான் சார் வச்சேன்."

"எந்த வருடம்?"

"மூணு வருசமும்."

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது எழுபது படி ஏறி இறங்குகிற வேலை. ஆய்வுக்கூடம் மாடியில் இருந்தது. அதைச் செய்யவில்லை. என்ன செய்தேன் என்றால், விதிப் புத்தகங்களைப் புரட்டினேன். சந்தனம் என்று ஒரு பதம் எங்கேயும் இல்லை. 'அலுவலக உத்தரவால் ஆராய்ச்சிக்கு நேர்ந்த இடர்' என்ற தலைப்பும் இல்லை. சொன்னால் மூன்று வருட வேலை என் சுற்றறிக்கையால் போனதாக ஆகும். பூசையால் கிறிஸ்தவ ஆசிரியரின் பட்டம் போனது என்று ஊரில் ஒருவன் திரித்தால் போதும், வேறு விதமாக எரியும். சொல்லாவிட்டால் அவர் அந்த மேட்டை நம்பியே பதில் எழுதுவார். ஒருவேளை மேடு உண்மையாகவே கம்பியுடையதாக இருந்தால்? பிறகு எதற்குச் சொல்லவேண்டும்? இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் ஓடி, மறுபக்கம் திரும்பினேன். முத்தையா தினமும் வந்து தேநீர் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அதைக் குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன்.

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கேட்டாள்:

"என்னத்த அப்படி அரைச்சுக்கிட்டிருக்கீங்க?"

சொன்னேன்.

"பொட்டு வச்சது அந்த ஆளு. வைக்கச் சொன்னது நீங்க. போயிச் சொல்லித் தொலைச்சிட்டு வந்து சாப்பிடுங்க. இதுக்கு எதுக்கு ரூலு?"

முப்பது வருடம் நான் சேர்த்த அறிவை அவள் ரசம் ஊற்றுகிற நேரத்தில் தீர்த்துவிட்டாள்.

மறுநாள் மாடி ஏறினேன். ஆய்வுக்கூடத்தில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சுவரில் அந்த ஒளிப்புள்ளி ஓடிக்கொண்டிருந்தது. குழாயைச் சுற்றிச் சத்திரப்பட்டிப் பஞ்சு பொதிந்திருந்தது; பஞ்சின் ஓரங்களில் வெண்புகை வழிந்தது.

"மேடம், ஒரு விஷயம்..."

"செத்த இருங்க சார். ஆடுது."

இருந்தேன். புள்ளி நிற்க அவ்வளவு நேரமாகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நின்றதும் அவர் ஒரு எண்ணை எழுதிவிட்டு நிமிர்ந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சுற்றறிக்கையின் எண், நாள் உட்பட.

"தெரியும் சார்" என்றார்.

"எப்போது?"

"லெட்டர் வந்த மறுநாளே பிடியக் கழத்துனேன். கழத்துன ஒடனே ரூமெல்லாம் சந்தன வாசம். இறுக்கத்துல கெடந்ததால காயாம ஈரமாவே இருந்துச்சு. தேவதானம் கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி இருந்துச்சு. அதுக்கு முந்தி ஒருதரம் கழத்திப் பாத்திருக்கணும். என் தப்பு."

"முத்தையாவுக்கு நீங்கள் கண்டுபிடித்தது தெரியுமா?"

"அவரு மூணாம் நாளே வந்து அழுதுட்டாரு. நாந்தான் உங்ககிட்டச் சொல்ல வேணாம்னேன்."

தினமும் தேநீர் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது. அது குற்ற உணர்ச்சி இல்லை.

"ஏன் சொல்ல வேண்டாம் என்றீர்கள்?"

"நீங்களா வாறீங்களான்னு பாத்தேன். பதினோரு நாளு." அவர் முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. கதவைப் பற்றிச் சொன்ன அதே குரல்.

உட்கார முக்காலி எதுவும் கண்ணில் படவில்லை. நின்றபடியே கேட்டேன்: "அந்த மேடு?"

வரைபடத்தாளை விளக்கருகே பிடித்தார். பழைய ஒட்டக முதுகு பென்சிலில். அதன் மேல் சிவப்பு மையில் புதுக்கோடு. பிடியைக் கழுவிக் காயவைத்த பிறகு அளந்தது. பெரிய மேடு காணாமல் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே, குளிர்ந்த பக்கத்தில், ஒரு சின்னப் புடைப்பு மட்டும் இருந்தது. பொரியில் கிடக்கும் கடலை அளவு.

"இத்தனை நாளா அந்தப் பெருசு இதை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு சார். குளிரப் போறப்ப ஒரு எடத்துல வருது. சூடேறி வாரப்ப வேற எடத்துல வருது. அஞ்சு தடவ ஆட்டிப் பாத்துட்டேன், மாறல. பிடியில இப்ப ஈரமே கிடையாது. இது கம்பியேதான்."

"இது போதுமா?"

"சின்னதுதான். ஆனா அதோடது."

மீதமிருந்த நாட்களில் அவர் மேலும் நான்கு சுற்று அளந்தார். அதற்கான நைட்ரஜன் உருளையை நானே ஆட்டோவில் மடியில் அணைத்துக் கொண்டுவந்தேன். அப்படிக் கொண்டுவரக் கூடாது என்று விதி. இருபத்தொன்பதாம் நாள் பதில் போனது. அதில் பழைய மூன்று வருடக் கோடுகளைத் தானே தள்ளுபடி செய்து, காரணம் எழுதியிருந்தார்: 'மேல் பிடியில் இருந்த ஈரமான அந்நியப் பொருள்.' சந்தனம் என்று எழுதவில்லை. யார் வைத்தார்கள் என்றும் எழுதவில்லை. பட்டம் கிடைத்தது. அடுத்த ஆயுத பூசைக்கு முத்தையா சந்தனக் கிண்ணத்தோடு தயங்கி நின்றபோது, அவரே மேசைக்காலைக் காட்டி, "இங்க வைங்கண்ணே" என்றார். நான் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பொட்டு மேசைக்கா கருவிக்கா என்று தெரியாமல், இரண்டுக்கும் டிக் அடித்தேன்.

ஆனால் ஒரு கேள்வி எனக்குள் கிடந்தது. முப்பது நாளும் நான் மாடி ஏறாமலே இருந்திருந்தால்? அவர் பதிலில் என் சுற்றறிக்கை எண் இடம்பெற்றிருக்குமா? அல்லது அப்போதும் 'அந்நியப் பொருள்' தானா? அவர் காத்திருந்தது எனக்கு இரக்கப்பட்டா, என்னை அளக்கவா?

ஓய்வுபெற்ற நாளில் மாலையும் சால்வையுமாக என் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது வந்தார். வழக்கம்போல உள்ளே வந்து, திரும்பி நின்றார். கதவு ஆடியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"மேடம், அன்றைக்கு நான் வராமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

அவர் கையைச் சற்றே உயர்த்தினார். இருங்கள் என்று அர்த்தம். கதவு உள்ளே வந்தது, வெளியே போனது, உள்ளே வந்தது. சத்தமே இல்லை. வெளியே எனக்காக வேன் ஹார்ன் அடித்தது. நானும் அவரும் நின்று பார்த்தோம். கடைசியில் அது நின்றது.

"இருபத்தாறு" என்றார். "எண்ணெ விட்டீங்களா சார்?"

"காலையில்" என்றேன்.

தலையை ஆட்டினார். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். "வாரேன் சார். ஒடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லி, கதவை மெல்லத் தள்ளி வெளியே போனார்.

அந்தக் கீலுக்கு எண்ணெய் விட நான் படிவம் எழுதவில்லை, ஒப்புதல் வாங்கவில்லை, எந்தக் கோப்பிலும் குறிக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் செய்த பதிவில்லாத வேலை அது ஒன்றுதான். அது எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அவருடைய நோட்டுப் புத்தகம். இருபத்தாறு என்ற அந்த எண்ணுக்கு எதிரே அவர் கதவு என்று எழுதினாரா, என்னை எழுதினாரா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.